இரண்டு முழங்கால்களைப் பார்க்கத் திருத்தணிக்கு ஒரு நாள்

திருத்தணிக்கு எதற்குப் போவார்கள் என்று கேட்டால், முருகனைப் பார்க்க என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். நான் போனது ஒரு சமையற்காரரின் முழங்காலைப் பார்க்க. போன இடத்தில் முருகனையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. 2007 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அது. செவ்வாய்க்கிழமையையும் கிருத்திகையையும் வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். கூட்டத்தில் யாராவது லேசாக இடித்தாலும் விழுந்துவிடுவேன் என்ற பயம்.

எனக்கு வயது ஐம்பத்தேழு. தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். முப்பத்தைந்து வயதில் முடக்குவாதம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீஸ் மாடிப்படி எதிரியானது, கொஞ்ச நாளில் கைத்தடி வந்தது, 2000 தாண்டியதும் வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இப்போது அடி வைத்தால் முழங்கால் ஒரு பக்கம் போகும், பாதம் வேறு பக்கம் போகும். டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் கணுக்காலைப் பிடித்து ஆட்டினார். திருகாணி கழன்ற கதவு மாதிரி ஆடியது.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றால் இப்போது பத்து வீட்டுக்கு ஒருவர் செய்துகொண்டு ஜம்மென்று நடக்கிறார்கள். என் கால் அந்த ரகம் இல்லை என்றார் டாக்டர். மூட்டை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் நார்கள் தளர்ந்துவிட்டதால் சாதாரணச் செயற்கை மூட்டு நிற்காது, கதவுக்குப் போடுவதுபோல் கீல் வைத்த மூட்டு போட வேண்டும், அதன் தண்டு எலும்புக்குள் நீளமாக இறங்கும். வருஷக்கணக்காக வளைந்த காலை ஒரே நாளில் நேராக்கும்போது நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிப்போகலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் சீழ். கிருமி உள்ளே போய்விட்டால் போட்டதை எல்லாம் எடுக்க வேண்டியிருக்கும். "நிறையப் பேர் நல்லா நடக்கறாங்கம்மா. ஆனா உங்க மாதிரிக் கால்ல நான் உத்தரவாதம் தர முடியாது" என்றார். நல்ல மனிதர், உள்ளதைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

என் பயத்தைப் பார்த்து அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு யோசனை சொன்னார். திருத்தணியில் ராஜு என்று ஒருவர், மலைக்கோயில் மடப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கும் குடும்பம். என்னைவிட மோசமாக வளைந்த இரண்டு கால்கள். 2002-இல் இடது கால், 2003-இல் வலது கால், இரண்டுக்கும் கீல் மூட்டு. "போய்ப் பாருங்க, பேசுங்க. அவரே யாரை வேணா அனுப்புன்னு சொல்லியிருக்கார்." மேற்கொண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது ஒரு நல்ல சேதி மட்டும்தான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. என் வலது காலில் இரண்டாவது விரல் பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், முடக்குவாதம் செய்த வேலை. அந்த இடுக்கில் உராய்ந்து உராய்ந்து ஒரு புண். பட்டாணி அளவுதான். உடம்பில் எங்காவது புண், பல் தொந்தரவு, நீர்க்கடுப்பு உண்டா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்டு என்றால் தேதியைத் தள்ளிவைப்பார். என்னைப் பார்த்துக்கொள்ள என் தங்கை வசந்தா பெங்களூரில் இரண்டு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை வாங்க அவள் எத்தனை பேரிடம் நின்றாள் என்று எனக்குத் தெரியும். மறுபடி கிடைக்காது. வசந்தாவிடமும் சொல்லவில்லை. பவுடர் போட்டு, பஞ்சு வைத்து, மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டேன்.

வில்லிவாக்கத்தில் காலை 7.20-க்குத் திருத்தணி வண்டி. டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து ரூபாய், தூரம் எழுபத்திரண்டு கிலோமீட்டர். முழங்கால் சரியில்லாதவர்கள் கவனிக்க: இந்த மின்சார வண்டிகளில் கழிவறை கிடையாது, இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். பெட்டிக்கும் நடைமேடைக்கும் உள்ள இடைவெளிதான் முதல் கண்டம். வசந்தா முன்னால் ஏறிக் கையைப் பிடித்து இழுத்தாள், பின்னால் யாரோ ஒரு அம்மாள் தள்ளினார். மூட்டை ஏற்றுவது போலத்தான் இருந்தது. மானம் பார்த்தால் ஊர் போய்ச் சேர முடியாது.

திருவள்ளூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது, காலை நீட்ட முடிந்தது. "இந்தப் புழுக்கத்துல எதுக்குக்கா சாக்ஸ்?" என்றாள் வசந்தா. கோயிலில் தரை சுடும் என்றேன். பிப்ரவரியில் காலை பத்து மணிக்குத் தரை சுடுவதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அரக்கோணத்தில் லுங்கிக் கட்டுகளோடு ஏழெட்டுப் பேர் ஏறினார்கள், பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்கள். அவர்களில் ஒருவர் என் காலைத் தாண்டும்போது, "பாத்து, பாத்து, அம்மா கால்ல பட்டுரப் போவுது" என்று மற்றவர்களை எச்சரித்துக்கொண்டே தன் கட்டை என் பாதத்தின் மேல் வைத்தார். கத்தவில்லை. கத்தினால் வசந்தா சாக்ஸைக் கழற்றிப் பார்ப்பாள்.

திருத்தணியில் இறங்கும்போது மணி 9.25. ஆட்டோக்காரர் மலைக்குப் போக, காத்திருக்க, திரும்பக் கொண்டுவந்துவிட நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு முடிந்தது. என் நடையைப் பார்த்துவிட்டு, "படி ஏறப் போறீங்களோன்னு பயந்துட்டேங்க. முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. நல்லா கீறவங்களே நடுவுல குந்திக்கினு மூச்சு வாங்குவாங்க" என்றார். மலைமேல் வண்டி போகும் பாதை இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கு அப்புறமும் கொஞ்சம் படிகள் உண்டு. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

அந்தப் படிகளில் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ என் முழங்கால் கைவிட்டது. வலிக்கவில்லை. வலித்தால்கூடப் பரவாயில்லை. இருக்கிறது என்று நினைத்து ஊன்றிய கால் அங்கே இல்லை, அவ்வளவுதான். வசந்தாவின் தோளில் சாய்ந்தேன், அவள் கம்பியைப் பிடித்தாள், இரண்டு பேரும் உருளாமல் நின்றோம். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்த படியில் கால் வைத்தேன். இப்படியே விட்டால் ஒரு நாள் இடுப்பு உடையும், வெட்டினால் என்ன ஆகுமோ தெரியாது. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சந்நிதியில் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு நாளில் அந்த விரல் புண் காய்ந்துவிட வேண்டும், டாக்டர் கண்ணில் படக் கூடாது. ஐம்பத்தேழு வயதில் கடவுளிடம் போய் ஒரு களவுக்குத் துணை கேட்டேன்.

பதினொன்றரைக்கு மலையடிவாரத்தில் ராஜு அவர்களின் வீடு. ஆட்டோவைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டோம், ஸ்டேஷன் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான். வாசலில் இரண்டு படி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய் அடித்திருந்தார்கள். உள்ளே கைவைத்த உயரமான நாற்காலியில் ஒல்லியான ஒரு மனிதர், அறுபத்து மூன்று வயது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்தேன்.

இடது கால் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, காலை மடக்கிக் காட்டினார், நீட்டிக் காட்டினார், அந்த ஒரு காலில் நின்றும் காட்டினார். "முன்னெல்லாம் ரெண்டு காலுக்கும் நடுவுல பானையே போவுங்க. இப்பப் பாருங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அவர் நடந்தார். வலது கால் மடங்கவில்லை. ஒரு கட்டையை இழுத்துக்கொண்டு போவதுபோல் அரைவட்டம் போட்டு வந்தது. உட்காரும்போது அது நேராக முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது, அதற்கென்றே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

"இது என்ன ஆச்சுங்க?" என்று வசந்தாதான் கேட்டாள்.

"அதே டாக்டரு, அதே மூட்டுதாங்க. கெடுத்துக்கினது நானு" என்றார். அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். மடப்பள்ளியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் ஆடிக் கிருத்திகை, அவர்கள் முறை. தையல் இன்னும் பிரிக்கவில்லை. வேலை செய்யப் போகவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்குவம் மட்டும் சொல்லலாம் என்று போனார். ஆனால் தலைக்குக் குளித்து ஈர வேட்டி கட்டாமல் அடுப்புப் பக்கம் போகும் வழக்கம் அவர் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. நாற்பது வருடம் செய்ததை அன்று மட்டும் விட அவருக்கு மனசு வரவில்லை. தையல்மேல் பால் கவரைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டு குளித்தார். முறை நடந்த மூன்று நாளும் ஈர வேட்டி. கவருக்குள் தண்ணீர் புகுந்து நின்றது.

"வரவேணாம்னு யாராச்சும் சொன்னாங்களான்னா, எல்லாரும்தான் சொன்னாங்க. நாந்தான் கேக்கல. மொத கால் நல்லா வந்துச்சில்ல, அந்தத் திமிரு" என்றார் ராஜு. அப்புறம் தையல் ஓரத்தில் கசிவு வந்தது. டாக்டரிடம் போனால் குளித்ததைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு நாள் மறைத்தார். ஏழாம் நாள் காய்ச்சல். உள்ளே போட்டதை எல்லாம் எடுத்து, மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, கடைசியில் எலும்போடு எலும்பைச் சேர்த்து ஒரே காலாக இறுக்கிவிட்டார்கள். கால் தங்கியதே பெரிய விஷயம் என்றார்களாம். அத்தோடு மடப்பள்ளி வேலையும் போயிற்று.

இத்தனை நேரமும் அவர் மனைவி சுலோச்சனா சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். அத்தை மகனைக் கட்டியவர், அந்தப் பக்கத்துத் தெலுங்கு வழக்கப்படி கணவரைப் பாவா என்றே கூப்பிட்டார். எங்களுக்கு மோர் கொண்டுவந்து தரையில் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் வலது காலின் சாக்ஸை. நுனியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம், ஓரத்தில் மஞ்சள். அரக்கோணத்தில் ஒருவர் லுங்கிக் கட்டை வைத்தாரே, அவர் உபயம்.

"கால்ல இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி பட்டிருக்கும்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தண்ணி இல்லக்கா அது. எனக்குத் தெரியும். பாவா வேட்டில இதே கறைய ஆறு நாளு நாந்தான் தொவைச்சேன். யார் கிட்டயும் சொல்லாதன்னாரு. சரின்னு சொல்லாத வுட்டேன்" என்றார். பிறகு வசந்தாவின் பக்கம் திரும்பி, "நீங்க கழட்டிப் பாருங்கம்மா" என்றார்.

ராஜு தன் நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தா கீழே உட்கார்ந்து என் சாக்ஸை உருவினாள். பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது, வாடை அடித்தது. பட்டாணி அளவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பட்டாணி அளவில் இல்லை. எனக்கு அப்போது வந்த பயம் மலைப்படியில் வந்ததைவிடப் பெரியது. இந்தக் காலோடு போய் அந்த மேஜையில் படுக்க இருந்தேன்.

"எத்தனை நாளா?" என்றாள். மூன்று வாரம் என்றேன். "எதுக்குச் சொல்லலை?" உன் லீவு என்றேன். அவளுக்கு வந்த கோபத்துக்கு என்னை அடித்திருக்கலாம். பிறர் வீடு என்பதால் தப்பித்தேன். சுலோச்சனா கொடுத்த சுத்தமான துணியைச் சுற்றினாள், அங்கேயே தன் செல்போனை எடுத்து மருத்துவமனையைக் கூப்பிட்டாள். ஒளிவு மறைவில்லாமல் எல்லாம் சொன்னாள். மறுநாள் காலை கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள், தேதி ரத்து.

திரும்ப 2.10 வண்டி. ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். திருவள்ளூர் வரை வசந்தா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அங்கே கொய்யா வாங்கி, பெரிய துண்டை எனக்குக் கொடுத்துவிட்டு, "ரெண்டு மாச லீவு வாங்கி அக்காவோட கால் விரலைப் பாத்துகிட்டு உக்காந்திருந்தேன்னு ஆபீஸ்ல எப்படிச் சொல்றது?" என்றாள். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆகவே கொய்யாவைத் தின்றேன்.

புண் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. மறுபடி உராயாமலிருக்க விரலுக்கு நடுவில் வைக்க ஒரு மெத்தை கொடுத்தார்கள். வசந்தா பெங்களூர் போய்விட்டு, பாதிச் சம்பளத்தில் மறுபடி விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நாளைக் காலை மருத்துவமனையில் சேர்கிறேன், மறுநாள் அறுவை சிகிச்சை. ஆகவே என் காலின் முடிவு என்ன என்று இந்தக் கட்டுரையில் தேடாதீர்கள், எனக்கே தெரியாது.

என்னைப் போன்ற காலோடு திருத்தணி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வியாழன் அல்லது புதன் போங்கள். துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். கைத்தடி முனையில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், மலைமேல் கல் வழுக்கும். எண்ணெய் சிந்திய இடங்களில் இன்னும் மோசம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிவிடுங்கள், மேலே திரும்ப வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. மூட்டு மாற்றப் போகிறவர்கள் ஏற்கெனவே மாற்றியவரைப் போய்ப் பாருங்கள். நன்றாக நடப்பவரை மட்டும் பார்க்காதீர்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். சாக்ஸ் போடாதீர்கள்.

இன்று காலை சுலோச்சனா திருத்தணியிலிருந்து போன் செய்தார்.

"ரெண்டு காலையும் டாக்டர் கிட்ட காட்டினியாக்கா?"

"காட்டிட்டேன். விரல் விரலாப் பாத்தார்."

"பயமா கீதா?"

"ரொம்ப இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை."

"ஆங். இருக்கட்டும்" என்றார். "மொத ஆபரேசன் அப்போ பாவாவுக்கும் பயம் இருந்துச்சுக்கா. ரெண்டாவது அப்போதான் இல்ல."